ஆடியோவாக்ஸ் 736: பெயரை நம்பாமல் ஒரு பேஸ் கிட்டாரை அறிவது

கையால் செய்த பழைய பேஸ் கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்தால், வாங்க வருபவர்களின் கண் முதலில் தலைப்பகுதிக்குத்தான் போகும். அங்கே பெயர்த்தகடு இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. இல்லையென்றால் விற்பவர் சொல்லும் வரலாற்றைக் கேட்டுக்கொள்வார்கள். இரண்டுமே பலவீனமான ஆதாரங்கள். தகட்டை ஒரு கருவியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம். வரலாறு கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் வளரும். பெரிய கம்பெனிக் கருவிகளில் இந்தக் குறையை ஈடுகட்ட வேறு வழி உண்டு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் பேஸில் நெக்கைக் கழற்றினால், அதன் அடிக்கட்டையில் பென்சிலால் எழுதிய தேதியைப் பெரும்பாலும் காணலாம். செதுக்கிய தொழிலாளியின் முதலெழுத்துகளும் பக்கத்தில் இருக்கக்கூடும். டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி எழுதிவைத்த 'டி.ஜி.' என்ற இரண்டெழுத்தைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே காலத்துக் கருவிகள் ஏராளமாகக் கிடைக்கும். பேர் பரவாத சிறு பட்டறையின் பேஸுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அத்தகைய கருவியை அடையாளம் காண, அதே பட்டறையின் வேறு பேஸ்களைத் தேடி அலைவது பெரும்பாலும் வீண்வேலை என்பது என் துணிபு. அந்தப் பட்டறை பேஸ் அல்லாத வேறு என்னவெல்லாம் செய்தது என்று பார்ப்பதே வழி. இதை வெறும் கொள்கையாகச் சொன்னால் நிற்காது என்பதால், இந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1930-களின் நடுவில் பால் டட்மார்க் உருவாக்கிய ஆடியோவாக்ஸ் 736 அது.

டட்மார்க் தொழிலால் பாடகர், ஹவாயன் கிட்டார் ஆசிரியர். 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மேல் ஒரு மோகம் பிடித்திருந்தது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டாரைக் கற்றுக்கொள்ள வீட்டுக்கு வீடு ஆள் இருந்தார்கள். அந்தக் கருவிக்குச் சத்தம் போதாது என்பதே அன்றைய பெரிய குறை. டட்மார்க்கும் வேறு சிலரும் மின்சாரத்தை நாடியதற்கு அதுதான் காரணம். அவருடைய ஆடியோவாக்ஸ் நிறுவனத்துக்குச் சோறு போட்டவை மடிக் கிட்டார்களும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர்களும்தான். பேஸ் அதன் ஓரத்தில் பிறந்தது. இசைக்குழுவில் மற்றவர்கள் ஒரே காரில் ஏறிப் போய்விட, ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அதை வாசிப்பவர் மட்டும் தனியாகப் போக வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் தன் தந்தை இதில் இறங்கினார் என்று மகன் பட் டட்மார்க் சொல்லியிருக்கிறார். முதலில் நிறுத்தி வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார். 1935 பிப்ரவரியில் சியாட்டில் நாளிதழ் ஒன்றில் அது படத்தோடு செய்தியாக வந்தது. அதன் பின் வந்த 736 முற்றிலும் வேறு கருவி. வால்நட் மரத்தில் கெட்டியான உடல், நான்கு தந்தி, பதினாறு ஃப்ரெட், ஒரே பிக்கப், 30 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தந்தி நீளம். கிட்டாரைப் போலக் குறுக்கே பிடித்து வாசிக்கலாம். ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்தது 1951-இல். இது அதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் முந்தியது. டட்மார்க்கின் மனைவி லொரைன் குடும்பக் குழுவில் இதை வாசித்தார்.

இத்தனை முக்கியமான கருவி நெடுநாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. சியாட்டில் இசை வரலாற்றாசிரியர் பீட்டர் ப்ளெச்சா எழுதிய பிறகே வெளியுலகம் அதைக் கவனித்தது. ஒரு கருவி அந்நகரின் பாப் கலாச்சார அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம் பெற்றது. மொத்தம் நூறு வரை செய்யப்பட்டிருக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்லப்படுவதுண்டு. இன்று இருப்பது தெரிந்தவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 2018-இல் ஒன்று இணைய ஏலத்தில் 20,000 டாலருக்கு மேல் போனது. அதாவது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 736 வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அது பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும், அல்லது பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் வீட்டில் இருக்கும். அதைத் திறந்து உள்ளே பார்க்க யாரும் விடமாட்டார்கள். வெளித்தோற்றமோ படங்களில் எல்லோருக்கும் கிடைக்கிறது, போலி செய்பவருக்கும் சேர்த்து. ஆக, பேஸோடு பேஸை ஒப்பிடும் வழி, நமக்கு எது தேவையோ அந்த இடத்திலேயே அடைபட்டுப் போகிறது.

மடிக் கிட்டார்களின் நிலை வேறு. அவை நிறைய விற்றன, நிறையத் தப்பிப் பிழைத்தன, விலையும் பேஸின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஒருவர் நான்கைந்தை வாங்கித் திறந்து பார்த்துக் குறிப்பெடுப்பது நடக்கக்கூடிய காரியம். அவற்றைச் செய்த கைகளும் அதே கைகள். ஆடியோவாக்ஸின் மரவேலையைச் செய்தவர் எமரல்ட் பான்ஸ்கார்ட் என்ற இளம் தச்சர். மின்வேலைக்கு ரேடியோ நுட்பம் தெரிந்த பாப் விஸ்னர் இருந்தார். டட்மார்க்கின் பங்கு யோசனையும் பிக்கப்பும் விற்பனையும். இந்த மூன்று பேரும் மடிக் கிட்டாருக்கு ஒரு பழக்கத்தையும் பேஸுக்கு வேறொரு பழக்கத்தையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. சிறு பட்டறையில் கையில் இருக்கும் வார்ப்புருதான் வார்ப்புரு, மேசையில் மாட்டியிருக்கும் துரப்பண அலகுதான் அலகு. வாங்கி வைத்த கம்பிச்சுருள் தீரும்வரை எல்லாக் கருவிக்குள்ளும் அதே கம்பிதான் போகும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு நியாயமானது. ஒரு கைவினைஞரின் கை என்று பேசுகிறீர்களே, இங்கே மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் எந்தக் கையை வைத்து அடையாளம் காண்பது? மூன்று பேர் இருந்ததால்தான் சான்று வலுக்கிறது என்பது என் பதில். ஒரே ஒருவரின் வேலையை நன்றாகப் படித்த திறமைசாலி அதைப் போலச் செய்துவிடலாம். தச்சரின் உளி போகும் விதம், மின்வேலைக்காரரின் ஈயப் பற்று விழும் விதம், பிக்கப் சுற்றியவரின் இறுக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நபர் ஒரே கருவியில் கொண்டுவருவது மிகக் கடினம். மரவேலை மட்டும் பொருந்தி மின்வேலை பொருந்தாவிட்டால், பின்னால் யாரோ ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மின்வேலை பொருந்தி மரவேலை பொருந்தாவிட்டால் கவலைப்பட வேண்டும். ஏனென்றால் பிக்கப்பும் கம்பியும் ஒரு மடிக் கிட்டாரிலிருந்து வந்திருக்கக்கூடும். மரத்தை அப்படி இடம் மாற்ற முடியாது.

பிக்கப்பைப் பற்றி இங்கேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அபூர்வமான பிக்கப் இருந்தால் போதும், கருவி உறுதியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் டட்மார்க்கோடு ஆரம்பத்தில் சேர்ந்து வேலை செய்த ஆர்ட் ஸ்டிம்சன் வழியாக அந்தப் பிக்கப் யோசனை டோப்ரோ கம்பெனியின் மின் கிட்டாருக்கும் போயிருக்கிறது. டட்மார்க்குக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. ஆகவே தேதியோடும் வரைபடத்தோடும் ஒப்பிட அரசாங்கக் காகிதமும் கிடையாது. அந்தக் காலத்துச் சிறு கம்பெனிகள் ஒருவர் யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டவை, உதிரிப் பாகங்களையும் ஒரே கடையில் வாங்கியவை. வால்யூம் குமிழும் ட்யூனரும் எதையும் நிரூபிப்பதில்லை. மேற்கில் நாலு கம்பெனிகள் அதே குமிழை வாங்கியிருக்கும்.

எனவே கண் போக வேண்டியது வாங்கிய பாகத்தின் மேல் அல்ல, அந்தப் பாகத்தைப் பட்டறை எப்படிப் பொருத்தியது என்பதன் மேல். ஒரு திருகுத் துளையை எடுத்துக்கொள்வோம். 736-இன் முகப்பில் முத்துச்சிப்பி போல மின்னும் செல்லுலாய்ட் தகடு உண்டு. அந்தக் காலத்துச் செல்லுலாய்ட் வயதானால் சுருங்கும். சுருங்கும்போது திருகு இருக்கும் இடத்திலிருந்து மயிரிழை போல விரிசல் கிளம்பும், துளை முட்டை வடிவத்துக்கு இழுபடும். அதிலிருந்து கசியும் அமில ஆவி பக்கத்து உலோகத்தை அரிக்கும். திருகின் தலையில் முதலில் மங்கலும் பிறகு பச்சைப் படிவும் வரும். திருகை மெல்லத் தளர்த்தித் தகட்டைத் தூக்கினால், அதன் அடியில் எண்பது ஆண்டாக வெளிச்சம் படாத மரம் வேறு நிறத்தில் இருக்கும். திருகு இறங்கிய துளையின் விளிம்பில் லாக்கர் சற்றே உயர்ந்து ஒரு வளையமாக நிற்கும். உள்ளே மரநார் திருகின் மரையை அச்சுப் போலப் பிடித்திருக்கும். ஒரே முறை போட்ட திருகுக்கும் பலமுறை கழற்றி மாட்டிய திருகுக்கும் அந்த மரநாரில் வித்தியாசம் தெரியும். தகடு சுருங்கியிருக்கிறது, ஆனால் திருகு நேராக நிற்கிறது, பக்கத்தில் அடைத்த பழைய துளை ஒன்றும் இருக்கிறது என்றால், இந்தத் தகடு இந்த உடலோடு பிறந்ததில்லை. திருகின் தலையையும் பாருங்கள். சிலுவை வெட்டுள்ள பிலிப்ஸ் திருகுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1936-இல். முதலில் கார் தொழிற்சாலைகள்தான் அதைப் பயன்படுத்தின. ஃபெண்டர்கூட ஐம்பதுகளின் தொடக்கம் வரை ஒற்றை வெட்டுத் திருகையே போட்டுவந்தது. 736-இல் பிலிப்ஸ் திருகு இருந்தால் கருவி போலி என்று ஆகிவிடாது. அந்தத் திருகு பின்னால் வந்தது என்பது மட்டும் உறுதி. உடனே அடுத்த துளைக்குப் போக வேண்டும்.

கட்டுப்பாட்டுக் குழியைத் திறந்தால் இதே வகையான செய்தி இன்னும் அடர்த்தியாகக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வேலையில் துணி சுற்றிய கம்பி இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி போருக்குப் பிறகே பரவலானது. குழியின் ஓரம் உளியால் சீர் செய்யப்பட்டதா, துரப்பணத்தால் வட்டம் வட்டமாகக் குடைந்து விட்டுவிட்டதா என்பது பட்டறையின் வேகத்தையும் பொறுமையையும் காட்டும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் ஒருவர் செய்யும் வேலைதான் அவருடைய உண்மையான கையெழுத்து. அதே நான்கைந்து மடிக் கிட்டார்களின் குழிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு வழக்கம் துலங்கும். அந்த வழக்கத்தோடு பேஸின் குழியை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். போருக்குப் பிந்தைய கருவிகளில் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி, பிறகு ஆண்டும் வாரமும். பலர் இதைக் கருவியின் பிறந்த தேதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது பாகத்தின் தேதியை மட்டும்தான். பாகம் மாற்றப்படாதிருந்தால், கருவி அதற்கு முன் வந்திருக்க முடியாது என்று கொள்ளலாம். எவ்வளவு பின் வந்தது என்பதற்கு அதில் விடை இல்லை.

இப்போது என் வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். மடிக் கிட்டார் மலிவு, பேஸ் விலை அதிகம் என்றால், மடிக் கிட்டாரை உடைத்து அதன் பிக்கப்பையும் தகட்டையும் கம்பியையும் வைத்துப் பேஸ் செய்ய ஒருவருக்கு ஆசை வராதா? அப்போது நீங்கள் சொல்லும் ஒப்பீடு போலிக்கே துணை போகாதா? இந்த அபாயம் உண்மையானது. ஆனால் மடிக் கிட்டாரிலிருந்து எடுக்க முடியாத ஒன்று பேஸில் இருக்கிறது, அது நெக். மடிக் கிட்டாரில் தந்தி விரலால் பலகையில் அழுத்தப்படுவதே இல்லை. ஃப்ரெட் இருக்கும் இடம் கோடாக மட்டும் காட்டப்பட்டிருக்கும். பின்புறத்தைக் கை பிடிப்பதும் கிடையாது. ஆகவே போலிக்காரர் நெக்கைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். மடிக் கிட்டாரை வைத்து ஒப்பிடும் என் முறை நெக்கில் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வயதின் தடயங்கள்தான் சாட்சி. விரல்பலகையின் மரம் பல பத்தாண்டுகளில் அகலவாக்கில் சுருங்கும், ஃப்ரெட் கம்பி சுருங்காது. பழைய நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் நெருடும். சரிசெய்யப்பட்ட நெக்கில் அரம் போன தடம் தெரியும். வாசித்துத் தேய்ந்த கருவியில் முதல் சில ஃப்ரெட்களில் தடித்த தந்தி பள்ளம் போட்டிருக்கும். பள்ளம் ஆழமாக இருக்கும் அதே இடத்துக்கு நேர் பின்னால் கட்டைவிரல் பட்டு லாக்கர் தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் வியர்வை ஊறி மரம் கறுத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லாவிட்டால் அந்தத் தேய்மானம் உப்புத்தாள் கொண்டு வந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மங்கிய மஞ்சள்பச்சையாக ஒளிரும், பின்னால் பூசிய இடம் அதிலிருந்து பிரிந்து தெரியும். தேய்ந்ததாகக் காட்டப்படும் இடத்தின் விளிம்பைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

பெயர் வளர்ந்தால் போலியும் வளரும் என்பதற்கு லண்டனின் டோனி ஸெமைடிஸ் கருவிகளைப் பார்க்கலாம். அவரும் சிறு அளவில் கையால் வேலை செய்தவர், பேஸ்களும் செய்தவர். ஃபேசஸ் குழுவின் ரோனி லேன் வாசித்தது அவர் செய்த பேஸ்தான். 2002-இல் அவர் மறைந்தபோது விலை ஏறியது, போலிகளும் பெருகின. அவருடைய உலோக முகப்புக் கருவிகளை அடையாளம் காண்பவர்கள் பெரிதும் சார்ந்திருப்பது டேனி ஓ'பிரையன் செதுக்கிய அலங்கார வேலையை. ஓ'பிரையன் துப்பாக்கிகளுக்குச் செதுக்கு வேலை செய்தவர். அவர் கை கிட்டாரில் மட்டும் பதியவில்லை, துப்பாக்கியிலும் பதிந்திருக்கிறது. கருவிக்கு வெளியே உள்ள அவருடைய வேலையைப் பார்த்தவருக்குக் கிட்டாரிலுள்ள கோடு உண்மையா என்று சொல்லத் தெரியும். ஆடியோவாக்ஸுக்கு மடிக் கிட்டார் எதுவோ, அதுவே இங்கே துப்பாக்கி.

குடும்பத்தாரின் சாட்சியும் கடிதங்களும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். அவற்றை நான் மதிக்கிறேன். லொரைன் பேஸ் வாசித்தார் என்பதும் கார் விஷயமும் குடும்பம் சொல்லித்தான் தெரியும். ஆனால் கடிதம் ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறது, நம் கையில் இருப்பது அதே கருவிதானா என்பதைக் கடிதம் சொல்ல முடியாது. மரத்திலுள்ள ஒரு கீறல், ஒரு முடிச்சு, ஒரு தவறிய துளை பழைய புகைப்படத்திலும் தெரிந்தால் மட்டுமே காகிதமும் கருவியும் ஒன்றுசேர்கின்றன. டட்மார்க் குடும்பத்திலேயே இந்தக் குழப்பத்துக்கு இடம் உண்டு. மகன் பட் 1940-களின் பிற்பகுதியில் செரினேடர் என்ற பெயரில் வேறொரு மின் பேஸை விற்றார். தந்தையின் பட்டறை, மகனின் பட்டறை, ஒரே நகரம், ஒரே குடும்பப் பெயர். 'டட்மார்க் செய்தது' என்று மட்டும் சொல்லும் ஒரு கடிதம் எந்த டட்மார்க்கைச் சொல்கிறது என்பதைக் குழிக்குள் இருக்கும் கம்பியைக் கேட்டால்தான் தெரியும்.

வாசிப்பவர்களிடமிருந்து வரும் மறுப்பு எளியது: ஒலி நன்றாக இருந்தால் போதாதா, யார் செய்தால் என்ன? வாசிப்பவருக்கு அது போதும்தான். வரலாற்றுக்குப் போதாது. ஃபெண்டர் பிரிசிஷனில் ஒரு போலி புகுந்தால், ஆயிரக்கணக்கான உண்மைக் கருவிகளுக்கு நடுவே அது கரைந்துவிடும். 736-இல் ஒரே ஒரு போலி புகுந்தால், நம்மிடம் இருக்கும் மொத்தச் சான்றில் கால் பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ அதுவாகிவிடும். நாளைக்கு ஒருவர் அதன் தந்தி நீளத்தை அளந்து, டட்மார்க் இன்ன அளவைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுவார். அதை இன்னொருவர் எடுத்தாள்வார். முதல் மின் பேஸ் கிட்டார் யாருடையது என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ரிக்கன்பாக்கர் போன்ற கம்பெனிகளும் அதே ஆண்டுகளில் நிறுத்தி வாசிக்கும் மின் பேஸ்களில் இறங்கியிருந்தன, லியோ ஃபெண்டருக்கு 736 தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றும் இல்லை. எனக்கு முக்கியம், அந்தப் பட்டறையில் அந்த மூன்று பேர் உண்மையில் என்ன செய்தார்கள் என்பது. அதற்குச் சாட்சி அவர்கள் செய்த பொருள்கள் மட்டும்தான்.

இவ்வளவு கறாராக இருந்தால் உண்மையான கருவிகளும் தள்ளுபடியாகிவிடுமே என்று வியாபாரிகள் சொல்வார்கள். ஆகும், சில ஆகும். திருகு மாற்றி, மறுபூச்சுப் பூசி, கம்பியைப் புதுப்பித்த ஓர் உண்மையான 736 என் முறையில் 'முடிவு சொல்ல இயலாது' என்ற வரிசையில் நிற்கக்கூடும். அதற்குக் காரணம் அந்தக் கருவியின் சாட்சிகளை யாரோ நல்லெண்ணத்தோடு அழித்தது. 'முடிவு சொல்ல இயலாது' என்பதைச் சான்றிதழில் எழுதத் தயங்குபவர் எழுதும் 'உண்மை' என்ற சொல்லுக்கும் மதிப்பில்லை. அந்தக் கருவியை வாங்குபவர் குறைந்த விலைக்கு வாங்கட்டும், சந்தோஷமாக வாசிக்கட்டும்.

பேர் தெரியாத ஒருவர் கையால் செய்த பழைய கருவி உங்களிடம் இருந்தால், அது எந்த நாட்டுக் கருவியாக இருந்தாலும், அதைச் சுத்தம் செய்வதற்கு முன் திறந்து உள்ளே இருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய லாக்கரை மெருகேற்றக் கொடுக்காதீர்கள். அதே நபர் செய்த வேறு எந்தப் பொருள் மலிவாகக் கிடைத்தாலும், உடைந்திருந்தாலும் வாங்கி வையுங்கள். ரிப்பேருக்காக ஒரு திருகையோ கம்பியையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். கழற்றியதை ஓர் உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.